பெரிய பேட்டரியை எழுப்பும் குட்டி பேட்டரி!

குழந்தைகளே! பெட்ரோல் இன்ஜின், மின்சார மோட்டார் இரண்டும் சேர்ந்து ஓட்டும் காருக்கு, 'ஹைபிரிட் கார்' என்று பெயர். பெரும் எண்ணிக்கையில் தயாரித்து விற்கப்பட்ட முதல் ஹைபிரிட் கார், 'பிரியஸ்'. ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் 1997ம் ஆண்டு டிசம்பரில் அதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன் இரண்டாவது மாடல் 2003ல் வந்தது. அந்தக் காரில் ஒரு வேடிக்கை உண்டு. என்ன என்று பார்ப்போமா?

அதில் இரண்டு பேட்டரிகள். பின் சீட்டுக்குப் பின்னால் இருப்பது பெரியது. அதற்குள் 168 செல்கள், ஒவ்வொன்றும் 1.2 வோல்ட். பெருக்கிப் பாருங்கள், 201.6 வோல்ட் வரும்! டிக்கியின் ஓரத்தில் இருப்பது குட்டி பேட்டரி. மற்ற கார்களில் இருப்பது போல, வெறும் 12 வோல்ட்தான்.

காரைப் பல வாரங்கள் ஓட்டாமல் நிறுத்தி வைத்தால், குட்டி பேட்டரியில் சார்ஜ் தீர்ந்துவிடும். பெரிய பேட்டரியில் வேண்டிய அளவு மின்சாரம் இருக்கிறது. இப்போது கார் கிளம்புமா?

கிளம்பாது! நான்கு பேர் சேர்ந்து தள்ளினாலும் கிளம்பாது. டிக்கியைத் திறந்து குட்டி பேட்டரியைப் பார்க்கலாம் என்றால், டிக்கியின் பூட்டும் மின்சாரத்தில்தான் திறக்கும். பெட்டிச் சாவியை அதே பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்! அதனால்தான், வெளியிலிருந்து 12 வோல்ட் மின்சாரம் கொடுக்க, முன்பக்க பானெட்டுக்கு அடியில் ஓர் இணைப்பு வைத்திருக்கிறார்கள். பானெட்டைக் கைப்பிடியை இழுத்தே திறந்துவிடலாம்.

'அவ்வளவு பெரிய பேட்டரி, தானே காரைக் கிளப்பக் கூடாதா?' என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி.

நம் வீட்டில் வரும் மின்சாரம் 230 வோல்ட். அதைத் தொட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஏறக்குறைய அதே அளவு ஆபத்து இந்தப் பெரிய பேட்டரியிலும் இருக்கிறது. எனவே, கார் ஓடாத நேரத்தில் அந்த மின்சாரம் பெட்டியை விட்டு வெளியே வரக் கூடாது. அதற்காக, 'ரிலே' என்னும் மின் கதவுகளை வைத்திருக்கிறார்கள். 12 வோல்ட் மின்சாரம் பாய்ந்தால்தான் கதவு திறக்கும்; அது நின்றால் தானாக மூடிக்கொள்ளும். விபத்தில் காற்றுப்பை விரிந்தாலும் கதவு மூடிவிடும்.

ஆக, குட்டி பேட்டரிதான் வாசல் காவலாளி. கார் கிளம்பிய பின், பெரிய பேட்டரி தன் மின்சாரத்தில் கொஞ்சத்தை 12 வோல்ட்டாகக் குறைத்து, குட்டி பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிறது. கதவைத் திறந்துவிட்ட காவலாளிக்குச் சாப்பாடு!

காலையில் கிளம்பாத கார் வீட்டில் உள்ளவர்களுக்குத் தொல்லைதான். ஆனால், அந்தத் தொல்லையைத் தரும் அதே ஏற்பாடுதான், விபத்தில் சிக்கியவர்களையும் அவர்களை மீட்க வருபவர்களையும் காப்பாற்றுகிறது.

கதவு திறந்ததும் அதிக வோல்ட் மின்சாரம் எந்தக் கம்பிகளில் போகும்? ஆரஞ்சு நிற உறை போட்ட கம்பிகளில். காரை அணைத்த பிறகும், சிறிது நேரம் அவற்றில் மின்சாரம் தங்கியிருக்கும். மீட்புப் படையினர்கூட அவற்றை வெட்டுவதில்லை. நீங்களும் ஒருபோதும் தொடாதீர்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் தானே ஓய்ந்துவிடும். சத்தமே இராது. கார் அணைந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்! ஓட்டுநருக்கு முன்னால் 'ரெடி' என்ற விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அவர் மிதித்ததும், மோட்டார் பலத்தில் சத்தமில்லாமல் நகரும்.

இதனால் நடந்து செல்பவர்களுக்கு ஆபத்து வரலாம் அல்லவா? ஐரோப்பிய ஒன்றியத்தில், 2021 ஜூலை முதல், எல்லாப் புதிய ஹைபிரிட், மின்சாரக் கார்களும் மணிக்கு 20 கி.மீ. வேகம் வரை எச்சரிக்கை ஒலி எழுப்ப வேண்டும் என்று விதி உள்ளது. ஆனால், பழைய கார்கள் பல ஒலி எழுப்புவதில்லை.

இன்று ஹைபிரிட் கார்கள் நம் தெருக்களிலும் ஓடுகின்றன. எனவே சாலையைக் கடக்கும்போது, 'சத்தம் கேட்கவில்லையே' என்று காலெடுத்து வைக்காதீர்கள். நின்று, இரண்டு பக்கமும் கண்ணால் பார்த்துவிட்டே கடந்து செல்லுங்கள். தம்பி, தங்கைக்கும் சொல்லிக் கொடுங்கள்!