உங்களுக்குத் தெரியுமா? கார் ஆலை முதல் மாத விற்பனைக் கணக்கு வரை…

● பென்னலூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில் உள்ள ஹூண்டாய் ஆலையின் முதல் காரான சான்ட்ரோ, 1998 செப்டம்பரில் சந்தைக்கு வந்தது.

● ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்களுக்காக இதே ஆலையில் தயாரான ‘ஐ20 என் லைன்’ 2021 செப்டம்பரில் விற்பனைக்கு வந்தது. 998 சிசி டர்போ இன்ஜின். திறன் 120 பிஎஸ்.

● எல்லா டீலர்களுக்கும் இந்தக் கார் ஒதுக்கப்படவில்லை. தொடக்கத்தில் 97 நகரங்களின் 188 ‘சிக்னேச்சர்’ ஷோரூம்களில் மட்டுமே கிடைத்தது.

● மாதத் தொடக்கத்தில் கார் நிறுவனங்கள் அறிவிக்கும் உள்நாட்டு விற்பனை என்பது பெரும்பாலும் ஆலையிலிருந்து டீலர்களுக்கு அனுப்பிய கார்களின் கணக்கு. டீலர் யார்டில் விற்காமல் நிற்கும் காரும் அதில் சேர்ந்துவிடும்.

● மக்கள் வாங்கிப் பதிவு செய்த கார்களின் எண்ணிக்கையை ‘வாகன்’ பதிவுத் தரவைக் கொண்டு டீலர்களின் கூட்டமைப்பான ‘ஃபாடா’ மாதந்தோறும் வெளியிடுகிறது. ஆலை அனுப்பிய கார்களின் கணக்கு இதைவிடத் தொடர்ந்து அதிகமாக இருந்தால், டீலரிடம் சரக்கு தேங்குகிறது என்று பொருள்.

● புதுக் கார் வாங்குகிறீர்களா? சேசிஸ் எண்ணிலேயே தயாரிப்பு மாதமும் ஆண்டும் குறியீடாக இருக்கும். கார் யார்டில் நெடுநாள் நின்றதா என்று அறிய, முழுப் பணத்தைக் கட்டும் முன் அதைக் கேட்டுச் சரிபாருங்கள்.