நான்கு எழுத்தும் நம் பெரியவர்களின் நாவும்

லண்டனில் படிக்கும் நம் வாலிபருக்கு ஒரு சின்ன விளையாட்டு. ஆங்கிலத்தில் ஓ, யு, ஜி, எச் என்ற நான்கு எழுத்துகளும் இதே வரிசையில் வந்தால் எப்படி உச்சரிப்பது? இருமல் என்றால் 'காஃப்'. கடினம் என்றால் 'டஃப்'. வழியாக என்றால் 'த்ரூ'. ஆனாலும் என்றால் 'தோ'. கலப்பை என்றால் 'ப்ளௌ'. எண்ணம் என்றால் 'தாட்'. வீட்டுக்கு வரும் கவுன்சில் டாக்ஸ் பில்லில் இருக்கும் சொல் 'பரா'. சொற்கள் ஏழு, அந்த நான்கெழுத்துக்கு ஓசையும் ஏழு!

'லஃப்பரா' என்ற ஊரின் பெயரில் இந்த நான்கெழுத்து இரண்டு முறை வருகிறது, இரண்டு ஓசையோடு. ஹீத்ரோவுக்கு அப்பால் உள்ள ஊர் 'ஸ்லௌ'. அதே எழுத்துகள் நோயாளியின் குறிப்பேட்டில் இருந்தால், நர்ஸ் வேலையில் இருக்கும் நாங்கள் 'ஸ்லஃப்' என்று வாசிக்கிறோம். ஆறாத புண்ணின் மேல் மஞ்சளாகப் படியும் இறந்த திசுவின் பெயர் அது.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் உண்டு. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொற்கள் பலவற்றில், தொண்டையை உரசி வரும் 'ஹ்' போன்ற ஒலி ஒன்று இருந்தது. ஜெர்மனியில் உள்ள நம் உறவினரைக் கேட்டால் தெரியும். நாம் 'ப்ராட்' என்பதை அவர்கள் 'ப்ராஹ்த' என்கிறார்கள். அந்த ஒலியைக் காட்டவே ஜி, எச் என்ற இரண்டு எழுத்தையும் சேர்த்து எழுதினார்கள். காலப்போக்கில் அது சில சொற்களில் 'ஃப்' ஆனது. மற்றவற்றில் மறைந்தே போனது. 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் தொடங்கினார். அதன்பின் எழுத்துக்கூட்டல் கொஞ்சம் கொஞ்சமாக நிலைத்துவிட்டது. உச்சரிப்போ மாறிக்கொண்டே போனது.

தமிழிலும் ஓர் எழுத்துக்குப் பல ஓசை உண்டு. 'கடல்', 'தங்கம்', 'அகம்' என்று சொல்லிப் பாருங்கள். ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. ஆனால் அது வரும் இடத்தைப் பார்த்தே ஓசையைச் சொல்லிவிடலாம். ஆகவே தமிழில் படித்து வளர்ந்தவர்கள் எழுத்தை நம்பி வாசிக்கிறவர்கள். நம் அம்மம்மா 'பரா' என்பதை 'பரோக்' என்று வாசித்தால், அவர் கண்ணில் பட்ட எழுத்தை உண்மையாக வாசித்திருக்கிறார். ஒழுங்கில்லாதது அந்த எழுத்துக்கூட்டல்தான். ஆனாலும் வீட்டில் சிரிப்பு எழும்புவது அம்மம்மாவைப் பார்த்துத்தான்.

சிரிப்பதற்கு முன் நியாயாதிபதிகள் 12ஆம் அதிகாரத்தை வாசிப்போம். யோர்தான் துறையில் கீலேயாத்தியர் நின்று, கடக்க வந்தவர்களை 'ஷிபோலேத்' என்று சொல்லச் சொன்னார்கள். எப்பிராயீமியருக்கு அந்த ஒலி வராது, 'சிபோலேத்' என்றார்கள். அந்த ஒரே எழுத்துக்காகப் பிடித்து வெட்டினார்கள். அக்காலத்தில் எப்பிராயீமில் விழுந்தவர்கள் 42,000 பேர்.

இது பழங்கதை மட்டுமல்ல. இலங்கையில் தமிழருக்கு எதிரான கலவரங்களில், வழிமறித்த கும்பல்கள் வாளிக்கான சிங்களச் சொல்லாகிய 'பால்திய' என்பதைச் சொல்லச் சொன்னார்கள். அதன் முதல் ஒலி 'பஸ்' என்பதில் வருவது போல இருக்க வேண்டும். 'பாட்டு' என்பதில் வருவது போலச் சொல்லிவிட்டால் தமிழர் என்று கண்டுகொண்டார்கள். 1983 ஜூலைக்குப் பிறகு இந்த நகரத்துக்கு வந்த அப்பாமாரும் அம்மாமாரும் நம் சபைகளில் நம்மோடு உட்கார்ந்திருக்கிறார்கள். உச்சரிப்பு உயிரை வாங்கக்கூடியது என்று அறிந்த தலைமுறை அது. நமக்கு அது விளையாட்டு. அவர்களுக்கு அப்படி இல்லாமல் இருக்கலாம்.

அந்தக் கூச்சம் உடம்பையும் பாதிக்கிறது. 'காஃப்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். மூன்று வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் ஜி.பி.யிடம் போக வேண்டும் என்பது என்.எச்.எஸ். தரும் அறிவுரை. ஆனால் "நான் பேசினால் அவர்களுக்கு விளங்காது, திரும்பத் திரும்பக் கேட்பார்கள்" என்று ஃபோனையே எடுக்காத பெரியவர்கள் உண்டு. பேரப்பிள்ளைகள் சிரித்தது மனதில் இருந்தால் இன்னும் தயங்குவார்கள். இப்படித் தாமதித்து வருகிறவர்களை எங்கள் வேலையில் நாங்கள் பார்க்கிறோம்.

வாலிபர் செய்யக்கூடியது அதிகம். சர்ஜரிக்கு ஃபோன் செய்யும்போது பக்கத்தில் உட்காருங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அப்பாயிண்ட்மெண்ட் எடுக்கும்போதே கேளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. 111க்கு ஃபோன் செய்தாலும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். டாக்டர் அறைக்குள் மொழிபெயர்ப்பை அவர்களிடமே விட்டுவிடுங்கள். பாட்டி தன் நோயைப் பேரனை வைத்துச் சொல்லக் கூச்சப்படலாம். சொல்ல வேண்டியதை மறைத்தும் விடலாம். ஆங்கில வேதபாடம் வாசிக்கத் தயங்கும் பெரியவர் இருந்தால், சனிக்கிழமை மாலையே அவரோடு ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

பேதுருவையும் நினைத்துக்கொள்வோம். பிரதான ஆசாரியனின் முற்றத்தில் அவருடைய பேச்சே அவரைக் கலிலேயர் என்று காட்டிக்கொடுத்தது. சில வாரங்களுக்குள், பெந்தெகொஸ்தே நாளில், அதே கலிலேய நாவோடு எழுந்து நின்று பேசினார். ஏறக்குறைய 3,000 பேர் அன்று சேர்க்கப்பட்டார்கள். உச்சரிப்பு திருந்தட்டும் என்று கர்த்தர் காத்திருக்கவில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் பேசும்போது நாமும் பொறுமையோடு கேட்போம்.