ஒரே காயம், இரண்டு நியாயம்

தேசத்துக்காக உடம்பைக் கொடுத்தவன், அந்த உடம்பு எப்படிக் கெட்டதென்பதற்கு அத்தாட்சி தேடி அலைய வேண்டுமென்பது எந்த ஊர் நியாயம்? வட ஆற்காட்டு மண்ணில் இக்கேள்வி வெறும் வாய்ச்சொல் அன்று. வேலூருக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருந்திருக்கிறார். அவ்வூரை ‘ராணுவப்பேட்டை’ என்றே சுற்று வட்டாரத்தார் அழைக்கிறார்கள். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914 முதல் 1919 வரை நடந்த மகா யுத்தத்துக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றார்கள், அவர்களில் 14 பேர் உயிர் நீத்தார்கள் என்று அது சொல்லுகிறது. திரும்பி வந்தவர்களில் கை கால் இழந்து வந்தவர் எத்தனை பேர், அவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதை எந்தக் கல்லும் சொல்லவில்லை. மாண்டவனுக்குக் கல் நாட்டுவது எளிது. ஊனமுற்று உயிரோடிருப்பவனுக்குச் சோறு போடுவதிலேதான் சர்க்காரின் நேர்மை வெளிப்படுகிறது.

சிப்பாயின் குறையைக் காது கொடுத்துக் கேளாத சர்க்கார் என்ன பலனை அடைந்தது என்பதை வேலூர்க்கோட்டை அறியும். தோல் சின்னம் வைத்த புதிய தலைப்பாகையை அணியச் சொன்னதற்கு மறுப்புக் கூறியவர்களைக் கும்பினியார் கசையால் அடித்தார்கள். 1806 ஜூலை 10-ந் தேதி அதன் விளைவைக் கண்டார்கள். அந்தக் காலம் போய்விட்டது, அந்நியராட்சியும் போய்விட்டது. ஆனால் கீழே இருப்பவன் சொல்லை மேலே இருப்பவன் நம்பாத வழக்கம் முற்றும் போய்விட்டதா என்பதே நம் கேள்வி.

சட்டம் சொல்வது என்ன?

ராணுவ ஊழியத்தால் உண்டான ஊனம், அல்லது ஊழியத்தால் அதிகப்பட்ட ஊனம், நூற்றுக்கு 20 பங்குக்குக் குறையாமல் இருந்தால் அதற்கு உபகாரச் சம்பளம் உண்டு என்பது நெடுங்கால விதி. வேலையைவிட்டு விலகும்போது ராணுவ வைத்தியர்கள் குழுவாகக் கூடிப் பரிசோதித்து, ஊனம் எத்தனை பங்கு, அது ஊழியத்தால் வந்ததா, இல்லையா என்று எழுதுவார்கள். ‘ஊழியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை’ என்று அங்கே ஒரு வரி விழுந்துவிட்டால், பிரயாக்ராஜிலுள்ள பென்ஷன் கணக்கு அலுவலகம்வரையில் அந்த ஒரு வரியே ஆட்சி செய்கிறது. பதினைந்து வருஷம் பனியிலும் பாலையிலும் காவல் நின்றவனுடைய தலையெழுத்தைப் பல சமயங்களில் அரைப்பக்கக் காகிதம் தீர்மானித்துவிடுகிறது.

ஆனால் 1982-ம் வருஷத்து உரிமை விதிகள் வைத்தியக் குழுவுக்கு இத்தகைய சர்வாதிகாரத்தை அளிக்கவில்லை. சேரும்போது ஒருவனைப் பரிசோதித்துத் திடகாத்திரன் என்று ஏற்றுக்கொண்டு, எந்த நோயையும் குறிக்காமல் விட்டிருந்தால், பின்னால் வந்த நோய் ஊழியத்தால் வந்ததென்றே கொள்ளவேண்டும். அதை நிரூபிக்கும் பொறுப்பு சிப்பாயினுடையதன்று. சந்தேகம் எழுந்தால் அதன் பலன் அவனுக்கே சேரவேண்டும் என்று அவ்விதிகள் கூறின. சுப்ரீம் கோர்ட்டும் 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் இதையே தீர்ப்பாக வழங்கியது. வலிப்பு நோய் கண்டு 1994-ல் வெளியேற்றப்பட்ட அந்தச் சிப்பாயின் நோய் பிறவி இயல்பைச் சேர்ந்தது என்று எழுதிய குழு, அதற்குக் காரணம் ஒன்றும் எழுதவில்லை. காரணம் கூறாத அபிப்பிராயம் செல்லாது என்று கோர்ட்டு கண்டது. அவர் வெளியேறியதற்கும் நியாயம் கிடைத்ததற்கும் இடையே 19 வருஷங்கள் ஓடின. இந்தப் பத்தொன்பது வருஷத்தை எந்தத் தீர்ப்பு திருப்பித் தரும்?

இதே விஷயம் ஒரு தடவை தீர்ந்த பிறகும் ஓயவில்லை. சியாச்சின் பனிமலையில் ஊழியம் செய்த மற்றொரு வீரரின் வழக்கில் 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு அதே நியாயத்தை மறுபடியும் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. உச்சத்திலுள்ள நீதிஸ்தலம் ஒன்றையே எத்தனை முறை சொல்லவேண்டும்?

பேதங்கள் மூன்று

முதல் பேதம், வெளியேறிய விதத்தைப் பற்றியது. ஊனத்தை அளப்பதில் வைத்தியருக்கு வைத்தியர் வித்தியாசம் உண்டாகும் என்பதை உணர்ந்து, 50 பங்குக்குக் குறைந்ததை 50 என்றும், 50-க்கும் 75-க்கும் இடைப்பட்டதை 75 என்றும், அதற்கு மேற்பட்டதை 100 என்றும் கொள்ளும் முறையை ஐந்தாவது சம்பளக் கமிஷனை ஒட்டிச் சர்க்கார் ஏற்படுத்தினர். நல்ல முறை. ஆனால் ஊனத்துக்காக இடையில் அனுப்பப்பட்டவர்களுக்கே அது உண்டென்றும், அதே ஊனத்தோடு பல்லைக் கடித்துக்கொண்டு காலம் முடியும்வரையில் ஊழியம் செய்தவனுக்கு இல்லையென்றும் சொன்னார்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு உழைத்ததற்குத் தண்டனையா இது? நூற்றுக்கணக்கான அப்பீல்களை ஒன்றாக விசாரித்த சுப்ரீம் கோர்ட்டு, ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பர் 10-ந் தேதி இப்பேதத்தை நீக்கியது. அப்பீல் செய்தவர் சிப்பாய்கள் அல்ல, சர்க்கார் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். இதே பேதம் 2019 ஜூனில் வருமானவரி இலாகாவின் சுற்றறிக்கை வடிவில் வேறு வாசலால் உள்ளே வந்தது. ஊனத்துக்காக வெளியேற்றப்பட்டவருக்கே வரிவிலக்கு, காலம் முடித்து ஓய்ந்தவருக்கு இல்லை என்றார்கள். மறுபடியும் கோர்ட்டின் படி ஏறவேண்டியதாயிற்று.

இரண்டாவது பேதம், பதவியைப் பற்றியது. பூரண ஊனத்துக்கு, கடைசிச் சம்பளத்தில் நூற்றுக்கு 30 பங்கு ஊனத்தொகை என்பது கணக்கு. உதாரணமாக, 40,000 ரூபாய் சம்பளக்காரருக்கு இது 12,000. 1,60,000 ரூபாய் சம்பளக்காரருக்கு 48,000. இருவரும் இழந்தது ஒரே காலாக இருக்கலாம். ஏழாவது சம்பளக் கமிஷனின் சிபார்சுப்படி 2016-ல் இம்முறையை மாற்றி, பூரண ஊனத்துக்கு அதிகாரிக்கு 27,000, ஜூனியர் கமிஷன் அதிகாரிக்கு 17,000, சிப்பாய்க்கு 12,000 என்று நிலைத்தொகை வகுத்தார்கள். சிவில் உத்தியோகஸ்தருக்குப் பழைய கணக்கை வைத்துக்கொண்டு ராணுவத்தாருக்கு மட்டும் இதை விதித்தது ஏன் என்ற கண்டனம் எழவே, 2017-ல் பழைய முறைக்கே திரும்பினார்கள். எந்த முறையானாலும் கடைசிப் படியில் நிற்பவன் சிப்பாய்தான். உழைத்து ஈட்டிய பென்ஷன் சம்பளத்தைப் பொறுத்து வேறுபடுவதை நாம் ஆட்சேபிக்கவில்லை. அது ஊழியத்துக்கு உரிய பங்கு. ஆனால் ஊனத்தொகை ஊழியத்துக்கு அன்று, இழந்த அங்கத்துக்கு. அதிகாரியின் கண்ணும் சிப்பாயின் கண்ணும் ஒரே உலகத்தைத்தான் பார்த்தன.

மூன்றாவது பேதம் புதியது, எல்லாவற்றிலும் கொடியது. 2022-ல் வந்த அக்னிபாத் திட்டத்தின்படி நான்கு வருஷத்துக்குச் சேரும் இளைஞருக்கு ஊனப் பென்ஷன் என்பதே கிடையாது. ஊழியத்தால் பூரண ஊனம் நேர்ந்தால் ஒரே தடவையில் 44 லட்சம், 75 பங்குக்கு 25 லட்சம், 50 பங்குக்கு 15 லட்சம், அத்துடன் மிச்சமுள்ள காலத்துச் சம்பளம். இதோடு கணக்குத் தீர்ந்தது. ஒரே பதுங்குகுழியில், ஒரே குண்டு வெடித்துக் காயமடையும் இருவரில், பழைய சிப்பாய் ஆயுள் முழுதும் மாதந்தோறும் வாங்குவார்; இருபது வயதுப் பையன் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு ஐம்பது வருஷம் வாழவேண்டும். குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் விடியற்காலையில் ஓட்டம் பழகும் வாலிபர்களின் தாய்தந்தையர் இதை அறிந்திருக்கிறார்களா?

எதிர்த்தரப்பின் வாதம்

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லையென்று நாம் சொல்லவரவில்லை. ஊனப் பென்ஷனைத் தகாதவரும் பெறுகிறார்கள், ஓய்வு பெறும் தருணத்தில் ரத்த அழுத்தமும் நீரிழிவும் திடீரென்று பெருகுகின்றன என்று கூறப்படுகிறது. தணிக்கை அதிகாரி 2023-ல் வெளியிட்ட அறிக்கையில், 2015-16 முதல் 2019-20 வரை ஆண்டுதோறும் ஓய்வு பெற்ற அதிகாரிகளில் நூற்றுக்கு 36 முதல் 40 பேரும், அவர்களுக்குக் கீழ்ப்பட்டவர்களில் 15 முதல் 18 பேரும் ஊனப் பென்ஷன் பெற்றதாகக் கண்டிருக்கிறது. 2023 செப்டம்பரில் புதிய விதிகளைச் சர்க்கார் கொண்டுவந்ததும் இத்தகைய கவலையினால்தான்.

அறிக்கையை நாமும் படித்தோம். அதிலிருந்து நாம் கற்கும் பாடம் வேறு. முன்வரிசையில் உடம்பு தேய்பவன் சிப்பாய். ஊனப் பென்ஷனில் பங்கு கூடுதலாகப் பெறுகிறவர் அதிகாரி. விதி தெரிந்தவருக்கும், காகிதத்தின் அருமை அறிந்தவருக்கும், ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுத வல்லவருக்கும் கதவு எளிதில் திறக்கிறது என்பதன்றி இதற்கு வேறென்ன பொருள் காண்பது? தகாதவரைத் தடுக்க வேண்டுமானால் பரிசோதனையைத் திருத்தட்டும். விதியையே இறுக்கினால், வழி தெரிந்தவர் தப்பித்துக்கொள்வார். அகப்பட்டுக்கொள்பவன் கம்மவான்பேட்டைச் சிப்பாயாகவே இருப்பான்.

தோல்பதனிடும் தொழிலாளியைப் பாருங்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் முதலிய ஊர்களில் ஒரே குடும்பத்தில் அண்ணன் ராணுவத்திலும் தம்பி தோல் ஷாப்பிலும் இருப்பது சாதாரணம். தம்பியின் விஷயத்தில் சட்டம் என்ன சொல்லிற்று? தொழிலாளர் நஷ்டஈட்டுக்காக 1923-ல் பிறந்த சட்டம், குரோமிய உப்பினால் உண்டாகும் நோய் முதலியவற்றை ஒரு பட்டியலில் வகுத்து, அத்தகைய வேலையில் தொடர்ந்து ஆறு மாதம் இருந்தவனுக்கு அந்நோய் வந்தால் வேலையினால் வந்ததென்றே கொள்ளும்படி விதித்தது. அதனிடத்தில் 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இந்த வழியையே பின்பற்றுகிறது. ஏட்டிலுள்ள இந்த உரிமை தோல்பதனிடும் ஏழைக்கு நடைமுறையில் எவ்வளவு எட்டுகிறது என்பது வேறு கதை. அவனுக்கும் அநீதி உண்டு. அண்ணன் தம்பி இருவருக்கும் சட்டம் சொல்வது ஒன்றே: வேலை உடம்பைக் கெடுத்தால் பொறுப்பு வேலை வாங்கினவனுடையது. அந்நிய ஆட்சியில் கூலிக்காரனுக்கு ஒப்புக்கொண்ட தர்மத்தைச் சுதந்திர ஆட்சியில் போர்வீரனுக்கு மறுக்க யாருக்கு மனம் வரும்?

செய்ய வேண்டியவை

சர்க்கார் செய்ய வேண்டியது நான்கு. வைத்தியக் குழு ‘சம்பந்தமில்லை’ என்று எழுதினால் காரணத்தை விரிவாக எழுதி, சிப்பாய் அறிந்த பாஷையில் அவன் கையில் பிரதி கொடுக்க வேண்டும். சுப்ரீம் கோர்ட்டு தீர்த்துவிட்ட விஷயங்களில் மறுபடியும் அப்பீல் செய்வதை நிறுத்த வேண்டும். வழக்குக்குச் செலவிடும் பணம் ஜனங்களின் வரிப்பணம். அதைக்கொண்டே ஜனங்களின் காவலனை எதிர்த்து வாதாடுவது வெட்கக்கேடு. ஊனத்தொகைக்குப் பதவி பேதமற்ற குறைந்தபட்ச அளவு ஒன்றை வகுக்க வேண்டும். அக்னிவீரர்களுக்கும் ஆயுட்கால ஊனப் பென்ஷன் அளிக்க வேண்டும்.

ஊர்தோறும் பொதுக்காரியம் செய்யும் அன்பர்களுக்கும் கடமை உண்டு. பென்ஷன் மறுக்கப்பட்ட கடிதம் வந்தால் பலர் அதைப் பெட்டியில் வைத்துவிட்டு விதியை நொந்துகொள்கிறார்கள். கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல் செய்யலாம். அதுவும் மறுக்கப்பட்டால் இரண்டாவது அப்பீல் உண்டு. அதற்கும் மேல், 2007-ம் வருஷத்துச் சட்டத்தின்படி ஏற்பட்ட ராணுவ நியாயஸ்தலம் சென்னையிலேயே அமர்கிறது. வைத்தியக் குழுவின் அறிக்கை, சேர்ந்தபோது நடந்த பரிசோதனைக் குறிப்பு, எந்தெந்த இடத்தில் ஊழியம் செய்தார் என்ற விவரம், ஆஸ்பத்திரிச் சீட்டுகள் ஆகியவற்றை ஒன்றுவிடாமல் சேர்த்து வைக்கவேண்டும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஜில்லாக்களில் முன்னாள் படைவீரர் சங்கத்தாரும் வக்கீல்களும் மாதம் ஒரு நாள் ஒதுக்கி, இக்காகிதங்களைப் பார்த்து விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் அது பெரிய தேச சேவை. கணினி வழியாகவே பென்ஷன் நடக்கும் இந்நாளில், கண் மங்கிய கிழவருக்கும் எழுத்தறியாத விதவைக்கும் பக்கத்தில் உட்கார ஒரு இளைஞன் போதும்.

யுத்தம் வரும்போது சிப்பாயைப் புகழ எல்லோரும் முன்வருகிறார்கள். புகழ் வயிற்றை நிரப்பாது. மாலை கட்டைக்காலைத் தாங்காது. வேலூர் ஜில்லாவின் சிப்பாய் தயை கேட்கவில்லை. எழுதப்பட்ட விதியை நிறைவேற்றும்படியே கேட்கிறான். சந்தேகத்தின் பலன் அவனுக்கென்று 1982-ம் வருஷத்து விதி சொல்லிற்று. அவனுக்கு உரியதை அவனிடம் சேர்ப்பது சர்க்காரின் கடமை. சேரும்வரையில் கேட்டுக்கொண்டே இருப்பது நம்முடைய கடமை.