பழைய காரும் உடையவர் உரிமையும்

மாலை ஆறு மணிக்குமேல், உள்வட்டச் சாலையிலிருந்தும் பழைய விமான நிலையச் சாலையிலிருந்தும் வந்து சேரும் வாகனங்கள் பெங்களூரின் தொம்மலூர் மேம்பாலத்தடியில் அசையாது நிற்கும் வேளையில், பானெட்டைத் தூக்கிவைத்து ஆவி பறக்க ஓரங்கட்டிய மாருதி 800 ஒன்றைக் காண்பது அபூர்வமன்று. 1983 டிசம்பரில் முதல் வண்டி கைமாறி, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன அந்தச் சிறு வாகனத்தை இன்னும் பேணிவரும் குடும்பங்கள் இப்பக்கம் உண்டு. ஒர்க்‌ஷாப்பில் அவர்களுக்குக் கிடைக்கும் விடையோ பெரும்பாலும் ஒன்றே: “பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்.” நோய் இன்னதென்று சொல்லாமலே பெருஞ்செலவுக்கு உடன்படச் செய்யும் இந்த வாக்கியம், என் அபிப்பிராயத்தில், பழுதைக் காட்டிலும் அபாயகரமானது.

எஞ்சின் சூடேறுவதையே எடுத்துக்கொள்வோம். ஓட்டத்தில் சாதாரணமாயிருந்து, நெரிசலில் நிற்கும்போது மட்டும் முள் மேலேறுமானால், எதிர்க்காற்று இல்லாத நேரத்தில் ரேடியேட்டரைக் குளிர்விக்க வேண்டிய மின்விசிறியோ, அதை இயக்கும் சுவிட்ச், ரிலே, ஃபியூஸ் ஆகியவற்றில் ஒன்றோ பழுதாயிருக்கலாம் என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். இவை சொற்பச் செலவில் தீர்பவை. வேகமாய்ப் போகும்போதும் சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று சோதனை விரியும். வெளியே கசிவு காணாமல் கூலண்ட் குறைந்துகொண்டே வந்து, வெண்புகை விடாது எழுந்து, ஆயிலும் வெளிறிக் குழம்பியிருந்தால்தான் ஹெட் கேஸ்கெட்டின்மேல் சந்தேகம் வலுக்கிறது. விசிறி சுழல்கிறதா என்று பாராமலே “ஹெட்டை இறக்க வேண்டும்” என்பவரிடம், எந்த அறிகுறியைக் கொண்டு அம்முடிவுக்கு வந்தீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது.

கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் திறந்த பாத்திரத்து நீர் ஏறக்குறைய 97 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி நீரை அழுத்தத்தில் வைத்திருப்பதனாலேயே எஞ்சினுக்குள் அது 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காதிருக்கிறது. ஆதலால் சூடாயிருக்கையில் மூடியைத் திருகினால், அழுத்தம் விலகிய கணத்தில் கொதிநீர் பீறிட்டு முகத்திலும் கையிலும் அடிக்கும். எஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு உபாயமில்லை.

காலையில் வண்டி கிளம்பாமல் ‘டக்’கென்ற ஓசையோடு நின்றுவிட்டால், புது பேட்டரி வாங்குமுன் டெர்மினலில் பூத்த உப்பைச் சுரண்டிவிட்டு மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 14 வோல்ட் காட்டவில்லையென்றால் குற்றம் ஆல்டர்னேட்டர் பக்கம் இருக்கக்கூடும்.

இனி உரிமைகள். தொம்மலூர் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளில், இறைவனுக்கு அளித்த கொடையைக்கூட வாய்வார்த்தையில் விடாமல் கல்லில் பொறித்துவைத்தார்கள். நாமோ ஆயிரக்கணக்கில் பணம் கொடுக்கும் வேலைக்கு எஸ்டிமேட்டைக்கூட எழுதி வாங்குவதில்லை! செய்யப்போகும் வேலை, போடப்போகும் ஸ்பேர் கம்பெனியினுடையதா அல்லவா, கூலி எவ்வளவு என்பவற்றை முன்கூட்டியே எழுத்தில் பெறுங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரும்படி அப்போதே சொல்லிவையுங்கள். 2020 ஜூலை 20 முதல் அமலுக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சேவைக்குப் பில் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்றே வகுத்திருக்கிறது. பணம் பெற்றுச் செய்த வேலையில் குறைபாடு இருந்தால், வண்டியின் வயது அதற்குச் சமாதானமாகாது.

பலரும் அறியாத சங்கடம் ஒன்றுண்டு. கூலி பாக்கியென்று வண்டியைப் பிடித்துவைக்க மெக்கானிக்குக்கு அதிகாரம் உண்டா? உண்டு. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 170-ஆம் பிரிவில், தம் உழைப்பையும் திறமையையும் செலுத்திய பொருளை அதற்குரிய கூலி கிடைக்கும்வரை வைத்துக்கொள்ள அவருக்கு இடமளிக்கிறது. ஆனால் அது இந்த வேலைக்கான கூலிக்கு மட்டுமே. வேறொரு சமயத்துப் பழைய பாக்கியைக் காட்டி மறிப்பதற்கு அந்தப் பிரிவு துணைவராது. அவர் வசம் இருக்கும் காலத்தில் வண்டியைத் தக்க கவனத்தோடு பாதுகாப்பது அவர் கடமையென்று 151-ஆம் பிரிவு விதிக்கிறது. ஆகையால் கணக்கில் தகராறிருந்தால், ஆட்சேபத்தை எழுதிக்கொடுத்துப் பணத்தைச் செலுத்தி வண்டியை மீட்டபின் வழக்காடுவதே விவேகம்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதில் தீராவிடில், வேறொரு மெக்கானிக்கின் எழுத்துமூல அபிப்பிராயம், பில், புகைப்படம் ஆகியவற்றோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை இரண்டாண்டுக்குள் நாட வேண்டும். நீங்கள் குடியிருக்கும் இடத்து ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம்; செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாயின் கட்டணமில்லை, வக்கீல் வைக்க வேண்டுமென்ற கட்டாயமுமில்லை.

“பதினைந்து வருஷம் ஆனால் காயலான் கடைக்குத்தான்” என்று பயமுறுத்தி மலிவு விலைக்கு வண்டியைக் கேட்பவர்களும் உளர். அந்தப் பேச்சு, தில்லி வட்டாரத்துக்கென்று பிறந்த உத்தரவுகளிலிருந்து கிளம்பியது. பெங்களூரில் தனியார் காரின் பதிவு 15 ஆண்டு முடிந்தபின், வண்டி சோதனையில் தகுதியுடையதாகக் காணப்பட்டால், ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படுகிறது. அச்சோதனைக்கு முன்னதாகவே பிரேக்கையும் விளக்குகளையும் புகையளவையும் சரிபார்த்துக்கொள்வது நலம்.