மெய்யியல், அரசியல், பொருளியல் (பட்டப்படிப்பு)

மெய்யியல், அரசியல், பொருளியல் என்பது இம்மூன்று துறைகளையும் ஒரே பட்டத்தின் கீழ்க் கற்பிக்கும் பல்கலைக்கழகப் படிப்பு ஆகும். ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளைக் கொண்டு இது பிபிஇ எனச் சுருக்கமாக அழைக்கப்படுகிறது. இங்கிலாந்தின் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தில் 1920-களில் தொடங்கிய இப்படிப்பு இன்று பல நாடுகளில் நடத்தப்படுகிறது. பிரித்தானியாவின் அரசியல் தலைவர்கள் பலர் இதைப் படித்தவர்கள். இப்படிப்பின் புகழுக்கும் அதன் மீதான கடும் விமர்சனத்துக்கும் அதுவே காரணம்.

பின்னணி

இம்மூன்று துறைகளும் தொடக்கத்தில் தனித்தனியாக இருக்கவில்லை. 1776இல் 'நாடுகளின் செல்வம்' நூலை வெளியிட்ட ஆடம் சிமித், அதற்கு முன் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அறமெய்யியல் பேராசிரியராக இருந்தவர். ஜான் ஸ்டூவர்ட் மில் 1848இல் பொருளியல் பற்றியும் 1859இல் தனிமனித சுதந்திரம் பற்றியும் நூல்களை வெளியிட்டார். 1865 முதல் 1868 வரை நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். காலப்போக்கில் துறைகள் பிரிந்தன. கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தில் ஆல்பிரட் மார்சலின் முயற்சியால் 1903இல் பொருளியல் தனிப் பட்டப்படிப்பானது.

ஆக்சுபோர்டு வேறு வழியில் சென்றது. அங்கு கிரேக்கம், இலத்தீன், பண்டைய வரலாறு, மெய்யியல் ஆகியவற்றைக் கற்பிக்கும் 'கிரேட்ஸ்' என்னும் படிப்பே அரசுப் பணிக்குச் செல்வோருக்கு உரியதாகக் கருதப்பட்டு வந்தது. முதல் உலகப் போருக்குப் பின், நிர்வாகத்தில் இறங்குவோருக்குத் தற்கால அரசியலும் பொருளியலும் தெரிந்திருக்க வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. இதன் விளைவாக உருவான புதிய படிப்பு தொடக்கத்தில் 'நவீன கிரேட்ஸ்' என்றே அழைக்கப்பட்டது.

பாட அமைப்பு

ஆக்சுபோர்டில் இது மூன்றாண்டு இளங்கலைப் படிப்பு. முதலாண்டில் மூன்று பாடங்களும் கட்டாயம். மெய்யியலில் அளவையியலும் அறவியலும், அரசியலில் மக்களாட்சிக் கோட்பாடும் அரசு நிறுவனங்களின் ஒப்பீடும், பொருளியலில் நுண்பொருளியலும் பருப்பொருளியலும் அவற்றுக்குத் தேவையான கணிதமும் கற்பிக்கப்படுகின்றன. அடுத்த இரண்டு ஆண்டுகளில் மூன்றையும் தொடரலாம், அல்லது ஒன்றை விட்டு இரண்டைத் தொடரலாம். முற்காலத்தில் மூன்றையும் இறுதிவரை படிப்பது கட்டாயமாக இருந்தது.

இரண்டு அல்லது மூன்று மாணவர்கள் ஓர் ஆசிரியருடன் அமர்ந்து, தாங்கள் எழுதிய கட்டுரையை விவாதிக்கும் 'டியூட்டோரியல்' முறை இப்படிப்பின் முதுகெலும்பு. எழுதியதைக் கேள்விக்கு உட்படுத்தும்போது காத்து நிற்கவும், தேவையானால் மாற்றிக்கொள்ளவும் மாணவர் பழகுகிறார்.

ஏன் மூன்றும் சேர்ந்து?

பொதுவாழ்வின் சிக்கல்கள் துறை பார்த்து வருவதில்லை. இலண்டன் நகரின் நெரிசல் கட்டணம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மேயர் கென் லிவிங்ஸ்டன் 2003 பிப்ரவரியில், நகரின் மையப் பகுதிக்குள் வரும் வாகனங்களுக்கு நாளொன்றுக்கு 5 பவுண்டு கட்டணம் விதித்தார்.

பொருளியல் மாணவர் இதை எளிதில் விளக்குவார்: ஒவ்வொரு வாகனமும் பிறருக்குத் தாமதத்தை உண்டாக்குகிறது. அந்தச் செலவை ஓட்டுநரே ஏற்கும்படி செய்தால் தேவையற்ற பயணம் குறையும். ஆனால், பணமுள்ளவர் தாராளமாகச் செல்லவும் இல்லாதவர் விலகி நிற்கவும் செய்வது நீதியா? பொதுச் சாலை யாருக்கு உரியது? இவை மெய்யியல் எழுப்பும் வினாக்கள். சரியான திட்டமே ஆனாலும் வாக்காளர் ஏற்காவிட்டால் அது நிலைக்குமா என்பது அரசியலின் வினா. 2007இல் இக்கட்டணப் பகுதி மேற்கே விரிவாக்கப்பட்டது. 2008 தேர்தலில் லிவிங்ஸ்டன் தோற்றார். வெற்றி பெற்ற போரிஸ் ஜான்சன் அந்த மேற்குப் பகுதியை நீக்க முடிவு செய்தார். 2011 தொடக்கத்திலிருந்து அங்குக் கட்டணம் இல்லை. மூன்று வினாக்களில் ஒன்றை மட்டும் கேட்பவருக்கு இந்த நிகழ்வு முழுமையாக விளங்காது.

குறிப்பிடத்தக்க பட்டதாரிகள்

பிரித்தானியப் பிரதமர்களில் ஹரோல்ட் வில்சன், எட்வர்ட் ஹீத், டேவிட் கேமரன், லிஸ் டிரஸ், ரிஷி சுனக் ஆகியோர் ஆக்சுபோர்டில் இப்படிப்பை முடித்தவர்கள். 1964 முதல் 1976 வரை பிரதமர் பதவி வில்சன், ஹீத் இருவரிடமே மாறி மாறி இருந்தது. ஆஸ்திரேலியாவின் மால்கம் பிரேசர், பாகிஸ்தானின் பெனசீர் பூட்டோ, இம்ரான் கான், மியான்மாரின் ஆங் சான் சூச்சி, நோபல் அமைதிப் பரிசு பெற்ற மலாலா யூசப்சை ஆகியோரும் இதைப் படித்தவர்கள். பிலிப்பா புட், மைக்கேல் டம்மெட் போன்ற மெய்யியலாளர்களும் இதன் வழியே வந்தவர்கள்.

விமர்சனம்

இப்படிப்பின் மீது இருவகையான குறைகள் கூறப்படுகின்றன. முதலாவது, ஆழமின்மை. மூன்று துறைகளைத் தொட்டுச் செல்பவர் எதிலும் வேரூன்றுவதில்லை என்பர். 1968இல் ஆக்சுபோர்டு மாணவர் டிரெவர் பேட்மேன் 'பிபிஇயின் வறுமை' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். குறைந்த அறிவைக் கொண்டு சாதுரியமாகக் கட்டுரை எழுதவே இது பழக்குகிறது என்பது அவருடைய வாதம்.

இரண்டாவது, அதிகாரக் குவிப்பு. 2010இல் தொழிற்கட்சித் தலைமைக்குப் போட்டியிட்ட ஐவரில் டேவிட் மிலிபாண்ட், எட் மிலிபாண்ட், எட் பால்ஸ் ஆகிய மூவர் இதே படிப்பைப் படித்தவர்கள். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, ஊடகம் ஆகிய எல்லாவற்றிலும் ஒரே வகுப்பறையில் பயின்றோர் அமர்ந்தால் உண்மையான மாற்றுக் கருத்து எங்கிருந்து வரும் என விமர்சகர்கள் கேட்கின்றனர். எனினும் இக்குறை பாடத்திட்டத்தை விட, யாருக்கு இடம் கிடைக்கிறது என்பதையே பெரிதும் சார்ந்தது. இதே பாடங்கள் பலதரப்பட்ட மாணவர்களைச் சென்றடைந்தால் குறையின் கூர்மை மழுங்கும்.

பிற பல்கலைக்கழகங்கள்

பிரித்தானியாவில் யார்க், வாரிக் பல்கலைக்கழகங்களும் இலண்டன் பொருளியல் பள்ளியும் இப்படிப்பை வழங்குகின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலும் இது உள்ளது. யேல் பல்கலைக்கழகத்தில் மெய்யியலுக்கு மாறாக 'அறவியல்' என்ற பெயருடன் இதையொத்த படிப்பு நடத்தப்படுகிறது. இந்தியாவில் அரியானா மாநிலம் சோனிபத்தில் உள்ள அசோகா பல்கலைக்கழகம் இம்மூன்றையும் இணைத்த முதன்மைப் பாடத்தை வழங்குகிறது.

மாணவர் கவனத்திற்கு

இப்படிப்பைத் தேர்ந்தெடுப்போர் இரண்டு செய்திகளை அறிந்திருத்தல் நலம். ஒன்று, பொருளியல் பகுதிக்குக் கணிதம் தேவை. வகைநுண்கணிதத்தில் பழக்கம் இல்லாதவருக்கு முதலாண்டு கடினமாக இருக்கும். மற்றொன்று, மூன்று பாடங்களும் ஒரே பட்டத்தில் இருப்பதாலேயே அவை தாமாக இணைந்துவிடுவதில்லை. பெரும்பாலும் அவை தனித்தனி ஆசிரியர்களால், தனித்தனித் தேர்வுகளுக்காகக் கற்பிக்கப்படுகின்றன. ஒரு பாடத்தில் கற்ற வினாவை மற்றொரு பாடத்தின் விடையிடம் கேட்டுப் பார்க்கும் வேலை மாணவருடையது.