கணினியைத் தொடக்க நிலைக்கு மீட்டல்

இல்லத் தேவைக்கென்று குறைந்த விலையில் வாங்கப்படும் கணினிகள், வந்த புதிதிற் சொன்னபடி கேட்கும். ஈராண்டு மூவாண்டு கழியுமுன்னரே அவற்றுட் பலவற்றின் நடை தளர்ந்துவிடுகின்றது. பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் அருந்தி வந்தாலும் திரை விழித்திருப்பதில்லை. வேண்டாத விளம்பரங்கள் தாமே தோன்றுகின்றன. எழுதிக்கொண்டிருக்கும்போதே இயக்கம் நின்றுவிடுகின்றது. அந்நிலையில், “தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பிவிடுங்கள்” என்று விடயம் அறிந்த ஒருவர் யோசனை கூறுவார். யோசனை பெரும்பாலும் நல்லதே. ஆயினும் அதன் பொருளை உணராது செய்தோர், பிள்ளைகளின் படங்களையும் பல மாதம் முயன்று எழுதிய கட்டுரைகளையும் ஒருசேர இழந்ததுண்டு. ஆகவே நேயர்களே, இம்மீட்பு எதனைத் திருப்பித் தரும், எதனைத் தராது என்பதை இன்று ஆராய்வோம்.

கணினிக்குள் இருப்பனவற்றை மூன்று கூறுகளாகப் பகுத்துக் காணலாம். முதலாவது, கருவியை நடத்தும் இயங்குதளம். இல்லக் கணினிகளிற் பெரும்பாலும் இது மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் ஆகும். இரண்டாவது, நாம் பின்னர் சேர்த்த மென்பொருள்களும், நம் விருப்பப்படி மாற்றிய அமைப்புகளும். மூன்றாவது, நாமே ஆக்கிய கடிதங்கள், படங்கள், கணக்குகள். முதலிரண்டையும் மீண்டும் பெறலாம். மூன்றாவதற்கோ நம்மிடம் உள்ள பிரதியைத் தவிர வேறு பிரதி உலகில் இல்லை. மீட்பு என்பது முதலாவதைப் புதிதாக நிறுவி, இரண்டாவதை நீக்கிவிடுவது. மூன்றாவது எஞ்சுமா அழியுமா என்பது, அவ்வேளையிற் கணினி கேட்கும் வினாவுக்கு நாம் அளிக்கும் விடையைப் பொறுத்தது.

முற்காலக் கணினிகளில், தொழிற்சாலையில் நிறுவிய இயங்குதளத்தின் முழுப் பிரதியொன்றை வட்டின் ஒரு மூலையில் ஒதுக்கி வைத்திருப்பர். 2012ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 8 இம்மீட்பு வசதியை இயங்குதளத்தின் உள்ளுறுப்பாகவே ஆக்கியது. 2015இல் வந்த விண்டோஸ் 10, தனிப் பிரதியை வேண்டாது, தன்னிடமுள்ள கோப்புகளைக் கொண்டே தன்னைத் திரும்பக் கட்டிக்கொள்ளும் முறையைக் கைக்கொண்டது. 32 அல்லது 64 ஜிகாபைட் சேமிப்பிடம் மட்டுமே உடைய மலிவுக் கணினிகளுக்கு இது பேருதவி. ஆனால் அக்கோப்புகளே பழுதுற்றிருந்தால் அவற்றைக் கொண்டு கட்டப்படுவதும் பழுதாகவே அமையக்கூடும். அதனால் 2020ஆம் ஆண்டு முதல், இணையத்திலிருந்து புதிய பிரதியை இறக்கி நிறுவும் ‘கிளவுட் டவுன்லோட்’ என்னும் வழியும் சேர்க்கப்பட்டது. இதற்கு ஏறத்தாழ 4 ஜிகாபைட் அளவான தரவு செலவாகும்.

இனிச் செய்முறையைக் காண்போம். முதற் பணி பிரதியெடுத்தல். நம் ஆக்கங்கள் அனைத்தையும் வெளிவட்டு ஒன்றிலோ பென் டிரைவிலோ பதிந்துகொண்டு, அவற்றிற் சிலவற்றை வேறொரு கணினியில் திறந்து பார்த்தல் வேண்டும். திறவாத பிரதி பிரதியாகாது. கடவுச்சொற்களையும், விலை கொடுத்து வாங்கிய மென்பொருள்களின் உரிமக் குறியீடுகளையும் தாளில் எழுதிக்கொள்க. சில கணினிகளில் வட்டு மறைகுறியாக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கு 48 இலக்கமுடைய மீட்புச் சாவி ஒன்று உண்டு. அதனையும் முன்னதாகவே தேடிவைத்தல் நலம்.

தமிழில் எழுதுவோர் மற்றொன்றையும் கருதவேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய ஆவணங்கள், மீட்புக்குப் பின் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். ஆவணம் அழியவில்லை, எழுத்துரு நீங்கியதே காரணம். ஆதலால் எழுத்துருக் கோப்பையும் உடன் பிரதியெடுத்து வைத்து, பின்னர் மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். ஒருங்குறியில் எழுதியவற்றுக்கு இவ்விடர் இல்லை.

அடுத்து, மின்னிணைப்பைக் கொடுத்துவிட்டு, ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘ரிகவரி’ என்பதைத் திறந்து, ‘ரீசெட் திஸ் பீசீ’ என்பதைத் தெரிவுசெய்க. விண்டோஸ் திறவாதவிடத்து, நுழைவுத் திரையில் ‘ஷிப்ட்’ விசையை அழுத்தியவாறே ‘ரீஸ்டார்ட்’ என்பதைத் தொட்டாலும் மீட்புப் பகுதி தோன்றும். அங்கே எழும் முக்கிய வினா இது: கோப்புகளை வைத்திருப்பதா, அனைத்தையும் அகற்றுவதா? ‘கீப் மை பைல்ஸ்’ என்று விடை பகர்ந்தால், ஆவணம், படம் முதலிய நம் சொந்தக் கோப்புறைகள் எஞ்சும், மென்பொருள்கள் நீங்கும். ‘ரிமூவ் எவ்ரிதிங்’ என்றால் எதுவும் எஞ்சாது. நச்சு மென்பொருள் புகுந்த கணினிக்கும், பிறருக்கு விற்கப்போகும் கணினிக்கும் பின்னதே ஏற்றது. விற்பதாயின், தரவை முற்றாகத் துடைக்கும் மேலதிகத் தெரிவையும் சேர்த்துக்கொள்க. முன்னதைத் தெரிந்தெடுப்போரும் பிரதி எடாதிருத்தல் தகாது; இடைநடுவில் வட்டு பழுதுற்றால் அவ்வாக்குறுதி நில்லாது.

தொடங்கிய பின் ஒரு மணி நேரமோ, மெதுவான கருவியாயின் பல மணி நேரமோ செல்லும். திரை இருண்டாலும், விழுக்காட்டு எண் அசையாது நின்றாலும், பொறுமையிழந்து மின்னை நிறுத்தலாகாது.

கணினி அறவே இயங்காதபோது கோப்புகளை எடுப்பது எங்ஙனம்? கழற்றக்கூடிய வட்டாயின், தொழில் அறிந்தவர் அதனை வேறு கணினியில் இணைத்துப் பிரதியெடுப்பார். மிக மலிவான மடிக்கணினிகள் பலவற்றில் சேமிப்புச் சில்லு தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் அவ்வழி அடைபடும். அத்தகைய கருவி உடையோர், அது நலமாய் உள்ளபோதே பிரதியெடுக்கும் வழக்கத்தைக் கைக்கொள்வதே காவல்.

இறுதியாக, இம்மருந்து தீர்க்காத நோய்களும் உள. மீட்பின் பின்னரும் கணினி தானே அணைந்தால், தூசடைந்த விசிறியோ பழுதான நினைவகமோ காரணமாகலாம். வட்டு ‘டக் டக்’ என ஒலித்தால் மீட்பைத் தொடங்காது, கோப்புகளை முதலிற் காப்பாற்றுக. பற்றறி உப்பியிருந்தால் கணினியைப் பயன்படுத்துவதை உடனே நிறுத்துக. மேலும், 4 ஜிகாபைட் நினைவகத்தோடு பிறந்த கருவி, மீட்டபின்னும் 4 ஜிகாபைட் கருவியே. விண்டோஸ் 10இற்கான இலவசப் பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிவுற்றது. அதனையும் மீட்பு மாற்றாது.

ஆகவே நேயர்களே, இன்று மாலையே உங்கள் படங்களையும் எழுத்துகளையும் ஒரு வெளிவட்டிற் பதிந்து வையுங்கள். பின்பு என்றேனும் அந்த வினா திரையில் எழும்போது, அச்சமின்றி விடை கூறலாம்.