இளவேனிலுக்கு முன் முற்றத்துப் புல்

மேலை நாடுகளில் வசந்தம் என்பது பனி உருகிப் புல் துளிர்க்கும் பருவம். நமக்கோ சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று பெயர் பெற்றாலும், கீழப்பழுவூர் போன்ற ஊர்களில் அவை கடும் வெயில் மாதங்கள். எனவே, புல்தரை பற்றிய அந்நாட்டுக் கையேடுகள் நமக்குப் பொருந்தா.

உலகெங்கும் மைதானங்களில் 'பெர்முடா புல்' என்று வளர்க்கப்படுவது நம் அருகம்புல்லே. கணுதோறும் வேர்விடும் இப்புல், கோடையில் காய்ந்தாலும் மழை கண்டதும் துளிர்க்கும்.

பங்குனிக்குள் இறுகிய மண்ணைக் குத்தித் துளையிட்டு, சலித்த தொழுவுரத்தை மெல்லிதாகத் தூவ வேண்டும். கோரையைக் கிழங்கோடு அகழ வேண்டும். மேலே அறுத்தால் மீண்டும் முளைக்கும். ஒரே முறையில் புல்லின் உயரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வெட்டலாகாது. நாள்தோறும் தெளிப்பதைவிட, இடைவெளிவிட்டு விடியலில் ஆழ நனைத்தால் வேர் கீழிறங்கும். நீர் அரிதெனில் காயவிடுவதிலும் தவறில்லை.

'இவ்வளவு பாடு எதற்கு?' என்று முற்றம் முழுவதும் தளம் போடுவோர் பெருகுகின்றனர். சிமெண்ட் ஆலைகள் நிறைந்த அரியலூர் மாவட்டத்தில் இது வியப்பன்று. ஆனால், தளம் பகல் வெப்பத்தைத் தேக்கி இரவில் உமிழ்கிறது; மழைநீரைத் தெருவுக்குத் தள்ளுகிறது. 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலம் நம்முடையது. கூரை நீரை நிலத்துக்குள் இறக்கிவிட்டு, முற்றத்து நீரைச் சாக்கடைக்கு அனுப்புவது முரண் அல்லவா?

கோலத்துக்கும் நடைபாதைக்கும் இடம் ஒதுக்கி, எஞ்சியதை மண்ணாகவே விடுங்கள் என்பதே என் வேண்டுகோள். அருகு தானே படரும்.